பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் மிண்ட்: யார் மாறலாம், யார் மாறக் கூடாது?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதன் பிறகு, வண்ணார்பேட்டையிலோ நெல்லை டவுனிலோ பழுதுபார்க்கும் கடைக்குப் பழைய லேப்டாப்பைக் கொண்டுபோகிறவருக்கு மூன்று விதமான பதில் கிடைக்கிறது. ‘இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘ஏற்றித் தருகிறேன், நாளை வாருங்கள்’ என்கிறார் அடுத்தவர். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை, விண்டோஸுக்கு மாற்றான இன்னோர் இயங்குதளத்தைச் சொல்லி, ‘லினக்ஸ் போட்டால் போதும்’ என்கிறான். மூன்றும் சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை அந்த லேப்டாப் செய்யும் வேலைதான் முடிவு செய்யும். அதன் வயதோ இயங்குதளத்தின் பெருமையோ முடிவு செய்வதில்லை.

நின்றது எது?

வன்பொருளுக்கும் நாம் திறக்கும் செயலிகளுக்கும் நடுவில் இருந்து வேலை வாங்கும் மென்பொருள்தான் இயங்குதளம். விசைப்பலகையில் எழுத்தைத் தட்டினால் திரையில் தெரிவதும், பென்டிரைவைச் செருகினால் கோப்புகள் காட்டப்படுவதும் அதன் வேலை. இவ்வளவு பெரிய மென்பொருளில் ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். அவை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அடைத்து, மாதந்தோறும் அனுப்பிவைப்பதற்குப் பெயர்தான் பாதுகாப்புப் புதுப்பிப்பு.

அக்டோபர் 15-ஆம் தேதி காலையில் எந்த விண்டோஸ் 10 கணினியும் நின்றுபோகவில்லை. நின்றது இந்த அடைக்கும் வேலை. மராமத்து நின்றுபோன பாளையங்கால்வாயிலும் தண்ணீர் ஓடத்தான் செய்யும். கரை எங்கே பலவீனம் என்பது அடுத்த பெருமழையில்தான் தெரியும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதல் இதற்கு நல்ல சான்று. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. சிக்கியவை பெரும்பாலும் அந்தத் திருத்தத்தை ஏற்றாத கணினிகளே.

‘ஆன்டிவைரஸ்தான் இருக்கிறதே’ என்பது பலருடைய ஆறுதல். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் உள்ளே வந்த திருடனை அடையாளம் காட்டுவது ஒரு வேலை, உடைந்த கதவைச் சரிசெய்வது இன்னொரு வேலை. டிஃபெண்டர் முதலாவதை மட்டும் செய்யும்.

விண்டோஸ் 11 ஏன் ஏறுவதில்லை?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்ற சாதாரண நிபந்தனைகளோடு மூன்று கடுமையான நிபந்தனைகளையும் வைத்தது.

1. டிபிஎம் 2.0: கடவுச்சொல், குறியாக்கச் சாவி போன்றவற்றைக் காக்கும் பாதுகாப்புக் கூறு.
2. செக்யூர் பூட்: டிஜிட்டல் கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் துவங்க விடும் ஏற்பாடு.
3. அங்கீகரித்த பிராசசர்களின் (கணினியின் மூளையான சில்லுகளின்) பட்டியல்: இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து.

வீட்டு லேப்டாப்புகள் அதிகம் அடிபடுவது மூன்றாவதில். அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘அபவுட்’ பகுதியைத் திறந்தால் பிராசசரின் முழுப் பெயர் தெரியும். ‘ஐ5-7200யு’ என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7, அது ஏழாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது, பட்டியலில் இல்லை. ‘ஐ5-8250யு’ எட்டாம் தலைமுறை, உண்டு. ‘ஐ3-1005ஜி1’ என்பதில் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது பத்தாம் தலைமுறை. ‘ஐ7’ என்றாலே புதியது என்று நினைத்து மூன்றாம் தலைமுறை ஐ7-ஐ வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் உண்டு. அந்த 7 தரத்தைக் குறிக்கும், காலத்தைக் குறிக்காது.

ஏழாம் தலைமுறை ஐ5 ஒன்று கடிதம் எழுதவும் காணொளி பார்க்கவும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். அது பழசாகிப்போனது பட்டியலில்தான்.

முன்னால் உள்ள வழிகள்

1. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தரும் திட்டம் ஒன்று வீட்டுப் பயனர்களுக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 டாலர் அல்லது அந்நிறுவனத்தின் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். இது முடிவைத் தள்ளிப்போட உதவும், அவ்வளவுதான்.
2. நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. ‘நாளை வாருங்கள்’ என்ற கடைக்காரர் செய்யப்போவது இதுதான். ஏறும், ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. எந்தப் பாதுகாப்புக்காக மாற்றினோமோ அதற்கே உத்தரவாதம் இல்லை. அதோடு ‘கிராக்’ செய்த, அதாவது உரிமம் இல்லாத பிரதியும் சேர்ந்து வந்தால் பூட்டைத் திருடனிடமே வாங்கியதாக ஆகிவிடும்.
3. புதிய லேப்டாப் வாங்குவது. பிழைப்பு அந்தக் கணினியில் நடக்கிறது என்றால் இதுவே நேர்வழி.
4. இயங்குதளத்தை மாற்றுவது. இனி வருவது இதைப் பற்றி.

லினக்ஸ், மிண்ட்: எது எது?

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். கறாராகச் சொன்னால் அது இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே. கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள்ளும் அதே உட்கருதான் ஓடுகிறது. எனவே ‘லினக்ஸ் எங்களுக்குப் பழக்கமில்லை’ என்று யாரும் முழு உரிமையோடு சொல்லிவிட முடியாது. உட்கருவைச் சுற்றித் திரைத்தோற்றம், கோப்பு மேலாளர், உலாவி, அலுவலகச் செயலிகள் எல்லாம் சேர்த்துத் தருவதை வழங்கல் என்கிறார்கள். டெபியன் 1993-இல் தொடங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டு 2006-இல் வந்தது லினக்ஸ் மிண்ட்.

புதியவருக்கு மிண்டைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் எளிது. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரமும் வைஃபையும். விண்டோஸ் 7 பழகிய அப்பாவுக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்காது. மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. சினமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று தோற்றங்களில் கிடைக்கிறது. 4 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் சினமன். 4 ஜிபியோ குறைவோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ. குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ராம் என்று மிண்ட் சொல்கிறது. நடைமுறையில் 2 ஜிபியில் இயங்குதளம் ஓடும், குரோமில் நான்கு பக்கங்களைத் திறந்ததும் திணறும். லினக்ஸ் போட்டால் பழைய கணினி குதிரையாகப் பாயும் என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வேகம் வேண்டும் என்றால் சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போடுங்கள். இயங்குதள மாற்றத்தைவிட அது தரும் பலன் பெரிது. விண்டோஸுக்கும் அது பொருந்தும்.

இந்த வட்டார வீடுகளுக்கு லினக்ஸ் ஏற்கெனவே ஒரு முறை வந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. பொத்தானை அழுத்தியதும் இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். இரண்டாவது எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. பழுது என்று கடைக்குப் போனதும் அது துடைக்கப்பட்டு விண்டோஸ் மட்டும் திரும்பி வந்தது. செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால், கேரளத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினிப் பாடம் படிக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், பாடப்புத்தகத்தில் இடமும் கொடுத்தார்கள். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்தோம்.

முதலில் ஒரு பட்டியல்

மாறுவதா வேண்டாமா என்பதைத் தாளில் எழுதி முடிவு செய்யலாம். போன ஒரு மாதத்தில் அந்த லேப்டாப்பில் வீட்டில் உள்ளவர்கள் என்னென்ன செய்தார்கள்? உலாவிக்குள் நடந்த வேலைகள் ஒரு பக்கம், தனியாக நிறுவிய செயலிகளில் நடந்த வேலைகள் மறுபக்கம்.

முதல் பக்கத்தில் வருபவை எல்லாம் மிண்டில் அப்படியே நடக்கும். மின்கட்டணம், பட்டா சிட்டா பார்ப்பது, வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வு, வங்கிக் கணக்கு, யூடியூப், வாட்ஸ்அப் வெப், கூகுள் மீட் ஆகியவற்றுக்குத் தேவை ஓர் உலாவி. மிண்டிலேயே ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது, குரோமும் நிறுவிக்கொள்ளலாம். ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் எழுது செயலியும் கணக்குத்தாளும்கூட உலாவிக்குள்ளேயே ஓடுபவைதான். தேர்வு விண்ணப்பங்களில் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் இத்தனை கேபிக்குள் சுருக்கச் சொல்வார்கள். அதற்கு மிண்டின் மென்பொருள் மேலாளரிலிருந்து கிம்ப் என்ற படத்திருத்தச் செயலியை நிறுவி, படத்தை அளவு குறைத்து, ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது தர அளவை இறக்கினால் போதும். முன்னோட்டத்தை இயக்கினால் கோப்பு எத்தனை கேபி வரும் என்பதை அந்தச் சாளரமே காட்டும்.

இரண்டாவது பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டு, எக்செல் மிண்டில் நிறுவ முடியாது. பதிலுக்கு லிபர் ஆபீஸ் கூடவே வருகிறது; வேர்டு கோப்புகளைத் திறக்கும், அந்த வடிவத்திலேயே சேமிக்கவும் செய்யும். பள்ளிக் கட்டுரைக்கும் வீட்டுக் கணக்குக்கும் இது தாராளம். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) வைத்த எக்செல் கோப்புகளோடு அலுவலகத்தில் மல்லுக்கட்டுகிறவருக்குப் போதாது.

மாறக் கூடாதவர்கள்

கீழ்க்கண்ட வேலைகளில் ஒன்று இருந்தாலும் அந்தக் கணினியை முழுதாக மிண்டுக்கு மாற்ற வேண்டாம். இரண்டையும் அருகருகே நிறுவி விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாம், அல்லது புதிது வாங்கலாம்.

1. டாலி. அரிசி ஆலை, வாழைத்தார் மண்டி, பீடி ஒப்பந்தம் என்று எதுவானாலும் கணக்கு டாலியில் இருந்தால் அது விண்டோஸ் செயலி. மாற்று வழிகள் சொல்வார்கள். வரித் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அந்த வழிகளைச் சோதித்துப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.
2. இ-சேவை மையம். விரல்ரேகைக் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே இருக்கிறது.
3. பத்திரிகை அடிப்பு, ஃப்ளெக்ஸ் வடிவமைப்பு. பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், கோரல்டிரா ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. சிவகாசி அச்சகத்துக்குக் கோரல் கோப்பாக அனுப்ப வேண்டிய கல்யாணப் பத்திரிகையை லினக்ஸில் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் வரைந்து அனுப்பினால் அங்கே வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.
4. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் தேவைப்படும் மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள். கணினி அறிவியல் மாணவருக்கு நிலைமை நேர்மாறு: சி, பைத்தான், ஜாவா எல்லாம் லினக்ஸில் இன்னும் சௌகரியம்.
5. கண்காணிப்போடு நடக்கும் இணையவழித் தேர்வுகள். சேஃப் எக்ஸாம் பிரவுசர் போன்றவை லினக்ஸில் ஓடுவதில்லை. வேலைவாய்ப்புத் தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அவனைக் கேளுங்கள்.
6. வாலரன்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்கள். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்காது. இதைக் கேட்டு வருந்தும் பெற்றோரை நான் பார்த்ததில்லை.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் நடுவில் நிற்கிறார்கள். சில டோக்கன்களுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டு, ஆனால் ஒவ்வொரு அரசுத் தளமும் கையொப்பம் வாங்க ஒவ்வொரு விதமான துணைச்செயலியைக் கேட்கும். சோதிக்காமல் இறங்கக் கூடாது.

பிரிண்டரையும் பார்த்துவிடுங்கள். எச்பி பெரும்பாலும் செருகியதுமே வேலை செய்யும்; எப்சன், பிரதர் நிறுவனங்கள் லினக்ஸ் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், தருகின்றன. நம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் கறுப்பு வெள்ளைக்கு உழைத்துத் தேயும் கேனான் எல்பிபி 2900 மட்டும் விதிவிலக்கு. அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசும் இயந்திரம். அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது, நிறுவுவது புதியவருக்குத் தலைவலி. அந்த பிரிண்டர்தான் உங்கள் முக்கியக் கருவி என்றால் மாற்றத்தை ஒத்திவைக்க அது ஒன்றே போதும்.

தமிழ் தட்டச்சும் எழுத்துருவும்

வெளியூர் வழிகாட்டிகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. நம் வீடுகளில் பாதிப் புகார் இங்கிருந்துதான் வரும்.

மிண்டில் தமிழ் படிப்பதற்கு எதுவும் செய்ய வேண்டாம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் உள்ள தமிழ் தானாகத் தெரியும். தட்டச்சுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. விசைப்பலகை அமைப்பில் இந்திய மொழிகளுக்குள்ளேயே தமிழ்99 என்ற விசைப்பலகை முறை ஒன்று தென்படும். அதைச் சேர்த்துவிட்டு ‘புள்ளி வரவில்லை’ என்று திகைப்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ள முறை, ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டுமே அறியும். தமிழ்99-இன் அழகோ முன்னால் என்ன தட்டினோம் என்பதைப் பார்த்து எழுத்தை முடிவு செய்வதில் இருக்கிறது. ‘நெல்லை’ என்று எழுத ந, எ, ல, ல, ஐ என்ற ஐந்து விசைகளே போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். அதற்கு உள்ளீட்டு மென்பொருள் ஒன்று தனியாக வேண்டும்.

1. மென்பொருள் மேலாளரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் தேடி நிறுவுங்கள்.
2. மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்.
3. வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இதைச் செய்யாமல் ‘வரவில்லை’ என்பவர்களே அதிகம்.
4. ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை, தட்டச்சு இயந்திர முறை எல்லாம் வரும். ஃபோனில் ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்களுக்கு ஒலியியல்; தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கு மூன்றாவது.

எழுத்துருவில் இரண்டு சிக்கல்கள். விண்டோஸில் லதா எழுத்துருவில் தட்டிய தமிழ் மனு ஒன்றை லிபர் ஆபீஸில் திறந்தால், அந்த எழுத்துரு மிண்டில் இல்லாததால் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் போன்ற ஒன்று அதன் இடத்தில் வந்து நிற்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரி உடையும், ஒரு பக்கத்தில் அடங்கிய மனுவின் ‘இப்படிக்கு’ அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறருக்கு அனுப்புவதாக இருந்தால் பிடிஎஃபாக அனுப்புங்கள். யாருடைய கணினியில் திறந்தாலும் பக்கம் அசையாது.

இரண்டாவது, பாமினி, வானவில் அவ்வையார் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். அவற்றில் எழுதிய பழைய கோப்பு வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை மிண்டில் நிறுவிக்கொண்டால் படிக்க முடியும். நீண்ட காலத்துக்கு வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது.

நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது

லினக்ஸில் உள்ள பெரிய வசதி இது: பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

மிண்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்க வேண்டும். அது 3 ஜிபி அளவில் இருக்கும். தினசரி டேட்டா வரம்பு உள்ள ஃபோனில் இறக்குவதைவிட வீட்டு ஃபைபர் இணைப்பு உள்ளவரிடம் வாங்கிக்கொள்வது மேல். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற செயலியால் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் துவங்காது. பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு லேப்டாப்பை இயக்கும்போது துவக்கப் பட்டியலை வரவழைக்கும் விசையை விடாமல் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் சில மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டும்.

மிண்ட் திரை வந்ததும் சோதிக்க வேண்டியவை: வைஃபை, ஒலி, கேமரா, ஒளி கூட்டிக் குறைக்கும் விசைகள், மூடியை மூடித் திறந்தால் உறங்கி எழுகிறதா என்பது, பிரிண்டர். வைஃபை வராமல் போனால், பிராட்காம், ரியல்டெக் வகைகள் சில அப்படிச் செய்யும், பயப்பட வேண்டாம். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு டிரைவர் மேலாளர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பென்டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோடக் கூடாது.

ஆபத்தான ஒரே திரை

நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிகிற ஒன்று. மொழி, விசைப்பலகை, வைஃபை, ஊடகக் கோடெக்குகள் வேண்டுமா என்ற கேள்வி எல்லாம் சாதாரணம். ‘நிறுவல் வகை’ என்று வரும் திரையில் மட்டும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் மூன்று தேர்வுகள் இருக்கும்.

முதலாவது, விண்டோஸோடு அருகருகே நிறுவுவது. இரண்டும் இருக்கும், இயக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். இரண்டாவது, முழு வட்டையும் அழித்து நிறுவுவது. இதைத் தேர்ந்தெடுத்து ‘இப்போது நிறுவு’ என்று உறுதிசெய்தால் விண்டோஸ் மட்டுமல்லாமல் டி டிரைவில் உள்ள காதுகுத்துப் படங்களும் சேர்ந்து போகும். சி, டி என்பவை ஒரே வட்டில் போட்ட கோடுகள்தான் என்பது பலருக்கும் அழிந்த பிறகே தெரிகிறது. மூன்றாவது, ‘வேறு வழி’. வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் (பார்டிஷன்) பழக்கம் உள்ளவர்களுக்கு.

இந்தத் திரைக்கு வருவதற்கு முன்பே, விண்டோஸில் இருக்கும்போது முடித்திருக்க வேண்டியவை:

1. படம், ஆவணம், பத்திர நகல் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்வது.
2. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்வது. அருகருகே நிறுவுவதானால் அதை அணைத்துவிடுவது.
3. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைப்பது. அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் இருக்கும்; மிண்டிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது.

நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பு முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கக்கூடும். ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்தவர் துணையோடு செய்வது நல்லது, ஏனெனில் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகலாம். இரண்டும் உள்ள கணினியில் சில சமயம் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரமாகப் படித்துவிடுகிறது. மிண்டில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

பிடிக்காமல் போனால் திரும்பி வரவும் வழி உண்டு. விண்டோஸ் 10 அல்லது 11-ஐ முறையாக ஏற்கெனவே ஆக்டிவேட் செய்திருந்தால் அந்த உரிமம் பொதுவாக அந்தக் கணினியின் மதர்போர்டோடு சேர்ந்து மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவினால் இணையத்தில் தானாகச் செயல்படும்.

மாறிய பிறகு

செயலிகளை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, ‘நெக்ஸ்ட்’ ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்தும் பழக்கத்தை விட வேண்டும். எல்லாவற்றையும் மென்பொருள் மேலாளரில் தேடுவதே வழக்கம். நிறுவவோ மாற்றவோ முனைந்தால் கடவுச்சொல் கேட்கும். தெரியாத இடத்தில் கேட்டால் கொடுக்கக் கூடாது. வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் வைரஸ் லினக்ஸுக்குக் குறைவு என்பது உண்மை. ‘இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வரும் போலிக் குறுஞ்செய்தியை நம்பி வங்கி விவரத்தைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

பழுது என்றால் யாரிடம் போவது என்ற கேள்வி நியாயமானது. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ உள்ள கடையில் லினக்ஸ் என்றதும் ‘விண்டோஸ் போட்டுவிடட்டுமா’ என்றுதான் கேட்பார்கள். மாறுவதற்கு முன்பே தெரிந்த மாணவர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. கடையில் கொடுக்க நேர்ந்தால் ‘வட்டை அழிக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

டைம்ஷிஃப்ட் என்ற கருவியை முதல் நாளே அமைத்துவிடுங்கள். புதுப்பிப்பு ஒன்று கோளாறு செய்தால் இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். ஆனால் இயல்பான அமைப்பில் அது உங்கள் படங்களையும் ஆவணங்களையும் சேமிப்பதில்லை. அவற்றுக்கு வெளி ஹார்டு டிஸ்க்கில் தனி நகல் வேண்டும், அதையும் லேப்டாப் பையிலேயே வைக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் தாமிரபரணி வீடுகளுக்குள் புகுந்தபோது கீழ்த்தளத்தில் லேப்டாப்பும் நகலும் ஒரே அலமாரியில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. ஒரு நகல் மாடியில், முடிந்தால் இன்னொன்று உறவினர் வீட்டில்.

மிண்ட் 22-க்குள் வரும் சிறு பதிப்புகளைப் புதுப்பிப்பு மேலாளரே அறிவித்து ஏற்றித் தரும். 2029-க்குள் அடுத்த பெரிய பதிப்புக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கென்று உள்ள மேம்படுத்தும் கருவி, டைம்ஷிஃப்ட் நகல் ஒன்று இருந்தால்தான் வேலையைத் தொடங்கும்.